கேட் ஃப்ளூ வந்த குட்டி: இன்று எத்தனையாவது நாள்?

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பத்து வார ராட்வைலர் குட்டி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவில்லை. திங்கள் வாந்தி. செவ்வாய் காலையில் ரத்தத்தோடு பேதி. டாக்டர் மலத்தை டெஸ்ட் செய்துவிட்டுப் பார்வோ, கேட் ஃப்ளூ என்று சொல்லி டிரிப் போட்டு அங்கேயே வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. குட்டி வாங்கும்போதே ஒரு ஊசி போட்டிருந்தது. இன்று புதன். பிழைக்குமா? நாளைக்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது, வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாமா? ஆயா ஓமத் தண்ணியும் மஞ்சளும் கொடுக்கச் சொல்கிறார்."

தம்பி, நான் டாக்டர் இல்லை. டர்பனில் ஒரு கால்நடை கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள். டிரிப் பாட்டில் மாற்றுவது, வாந்தியைத் துடைப்பது, ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது நாங்கள்தான். அப்படி உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். டிரிப்பில் இருக்கிற குட்டி பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. டிரிப்பைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஓமத் தண்ணி கொடுத்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். நடுவில் வேறு வழிகளும் உண்டு, அதற்கு வருகிறேன்.

முதலில் பூனை விவகாரம். நம் தென்னாப்பிரிக்காவில் பார்வோவைக் கேட் ஃப்ளூ என்பார்கள். ஆப்ரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் காட்கிரீப் என்பார்கள். பூனைகளுக்கு ரத்த வெள்ளணுக்களை அழிக்கிற ஒரு பழைய வைரஸ் நோய் உண்டு. அந்த வைரஸின் நெருங்கிய உறவுதான் நாய்களைத் தாக்கும் பார்வோ. 1978 வாக்கில் திடீரென்று உலகம் முழுக்க நாய்கள் செத்து விழுந்தபோதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த உறவை வைத்து வந்த பேர். பூனைக்குத் தும்மலும் சளியுமாக வருகிற நிஜமான கேட் ஃப்ளூ வேறு நோய். அதனால் அடுத்த வீட்டுப் பூனை மேல் கோபப்படாதீர்கள். உங்கள் குட்டிக்கு இது இன்னொரு நாயின் மலத்திலிருந்து வந்திருக்கும். அந்த நாயை நீங்கள் பார்த்திருக்கவே வேண்டாம். செருப்பில் ஒட்டிக்கொண்டு வாசல் தாண்டி வரும். மண்ணில் மாதக்கணக்கில், ஈரமும் நிழலும் இருந்தால் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். டர்பன் முற்றங்களைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

"ஒரு ஊசி போட்டிருந்ததே" என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிற இரண்டாவது கேள்வி. குட்டி தாயிடம் குடித்த சீம்பாலில் அம்மாவின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. ஆறு வாரத்தில் போடுகிற ஊசியை அந்தச் சக்தியே அடித்துப் போட்டுவிடும். அதே சக்தி எட்டு, பத்து வாரத்தில் வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்திருக்கும். ஊசி வேலை செய்யாத, அம்மாவின் காவலும் போய்விட்ட அந்த இடைவெளியில்தான் பார்வோ நுழைகிறது. அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே போகச் சொல்கிறார்கள். நீங்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை, பாதியில் மாட்டிக்கொண்டீர்கள். இன்னொன்றும் இங்கே நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்: குவாசுலு நட்டாலில் அரசாங்க ஆட்கள் தெருவுக்கு வந்து இலவசமாகப் போடுவது வெறிநாய்க்கடிக்கான ஊசி. அது அவசியம், சட்டமும் அதைக் கேட்கிறது. ஆனால் பார்வோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி எண்கள். சிகிச்சையே இல்லாமல் விட்டால் பத்துக் குட்டியில் ஒன்பது போய்விடும். ஆஸ்பத்திரியில் ஒழுங்காகப் பார்த்தால் இது தலைகீழாகும், நல்ல இடங்களில் பத்தில் எட்டு, ஒன்பது வீடு திரும்புகின்றன. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து நாய்க் காப்பகம் ஒன்று பதினொரு வருடத்துக்கும் மேலாக எடுத்த கணக்கு இருக்கிறது. ஐயாயிரத்துக்கும் அதிகமான பார்வோ நாய்கள், அதில் 86 சதவீதத்துக்கு மேல் பிழைத்தன. அவை பணக்கார வீட்டு நாய்கள் இல்லை. தெருவிலிருந்தும் நகராட்சிக் கூண்டிலிருந்தும் வந்தவை. பார்த்துக்கொண்டவர்களில் பலர் தொண்டர்கள். அதே கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: இறந்தவற்றில் பெரும்பாலானவை சிகிச்சை ஆரம்பித்த முதல் ஐந்து நாளுக்குள் இறந்தன. ஐந்து நாளைத் தாண்டியவற்றில் ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன.

உங்கள் குட்டிக்குச் செவ்வாய் டிரிப் ஏறியது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்கவே மாட்டேன், சனிக்கிழமை ராத்திரியைத்தான் பார்ப்பேன். நாளையோடு நிறுத்திவிடலாமா என்று நீங்கள் கேட்டதும் எனக்குப் பதறியது இதனால்தான். மிக மோசமான நாட்களின் நடுவில் கையை எடுக்கிற கணக்கு அது.

ஏன் ஐந்து நாள்? உடம்பில் எந்தச் செல் வேகமாகப் பெருகுகிறதோ அதைத் தேடிப்போவது இந்த வைரஸின் குணம். முதலில் தொண்டைப் பக்கத்து நிணநீர்க் கட்டிகள், அப்புறம் ரத்தம், அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு இடம்: எலும்பு மஜ்ஜையும் சிறுகுடலும். குடலின் உள்சுவரில் சின்னச் சின்ன விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், சாப்பாட்டை உறிஞ்சுவது அவைதான். அவற்றின் அடியில் புதுச் செல்களைப் பிறப்பிக்கிற குழிகள் உண்டு. வைரஸ் அந்தக் குழிகளை அழிக்கிறது. விரல்கள் உதிர்ந்து குடல் மொட்டையாகிவிடுகிறது. தண்ணீரும் உப்பும் ரத்தமும் உள்ளிருந்து வெளியே ஒழுகும், குடலில் இருக்க வேண்டிய கிருமிகள் ரத்தத்துக்குள் போகும். அவற்றைப் பிடிக்க வேண்டிய வெள்ளணுக்களைச் செய்கிற மஜ்ஜையும் அதே சமயம் படுத்துவிட்டது. கதவு உடைந்த வீட்டில் காவல்காரனும் இல்லை.

அந்தக் குழிகளில் மிச்சமிருக்கிற செல்கள் குடலைத் திரும்பக் கட்டிவிடும். அதற்குச் சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான். வைரஸைக் கொல்ல டிரிப்பில் ஒன்றும் இல்லை. குடல் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும்வரை குட்டியைச் சாகவிடாமல் பிடித்துவைப்பதுதான் முழுச் சிகிச்சையும். தண்ணீர், உப்பு, பொட்டாசியம், சர்க்கரை, வாந்தியை நிறுத்த மருந்து, ரத்தத்தில் நுழைந்த கிருமிக்கு ஆன்ட்டிபயாட்டிக், வயிற்று வலிக்கு மருந்து, உடம்புச் சூடு. பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். "வெறும் தண்ணிக்கா இவ்வளவு பில்?" என்று கவுன்ட்டரில் சத்தம் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர்தான் ஒன்பதுக்கு ஒன்று என்பதை ஒன்றுக்கு ஒன்பது ஆக்குகிறது.

சரி, உங்கள் குட்டி எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்? டாக்டரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும், அவரைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளணு எண்ணிக்கை எவ்வளவு, நேற்றைக்கு இன்று ஏறியதா இறங்கியதா என்று கேளுங்கள். பிரிட்டோரியா பக்கம் ஒன்டர்ஸ்டெபூர்ட்டில், இந்த நாட்டின் கால்நடை மருத்துவக் கல்லூரியில், பார்வோ குட்டிகளுக்கென்றே நிறைய வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது இது: சேர்த்த அன்றைக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இருபத்து நான்கு மணி, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது வெள்ளணுக்கள், குறிப்பாக லிம்போசைட், ஏறத் தொடங்கியிருந்தால் அது மிக நல்ல அடையாளம். கீழேயே கிடந்தால் கவலைப்பட வேண்டும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதைச் சேர்த்த அன்றைக்குச் செய்வதைவிட இரண்டாம் நாள் செய்யச் சொல்லுவேன். இது என் கருத்து, எல்லா டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, மூக்கு வழியாக டியூப் போட்டுச் சாப்பாடு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாந்தி நிற்கும்வரை வாயில் ஒன்றுமே படக்கூடாது என்பது சட்டம் மாதிரி. அதை மாற்றியதும் ஒன்டர்ஸ்டெபூர்ட்காரர்கள்தான். 2003-ல் வெளிவந்த அவர்கள் ஆய்வில் முப்பது குட்டிகள். பதினைந்தைப் பழைய மாதிரி பட்டினி போட்டார்கள். மற்ற பதினைந்துக்குச் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே மூக்கு டியூப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. டியூப் குட்டிகள் ஒரு நாள் முன்னதாகத் தேறின, எடையும் ஏறியது. அந்தப் பக்கம் பதினைந்தும் பிழைத்தன, பட்டினி போட்டதில் பதிமூன்று. சின்ன ஆய்வு, இறப்புக் கணக்கில் அந்த வித்தியாசத்தை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மொட்டையான குடலுக்குச் சாப்பாடு பட்டால்தான் அது வேகமாக வளரும் என்பது அதற்கப்புறம் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலும் டியூப்பில் சொட்டுச் சொட்டாகப் போகலாம். முதல் தடவை அதைச் செய்யச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது, பத்து வருடப் பழக்கத்தை விடுவது லேசா என்ன?

எண்களைத் தவிர, கண்ணால் பார்க்கிற சில விஷயங்கள். பேதி நிற்பதைப் பார்க்காதீர்கள், அது கடைசியில்தான் நிற்கும். முதலில் மாறுவது கண். கூண்டுக்குப் பக்கத்தில் போனால் தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்புறம் வாந்தி குறையும். வாலின் நுனி மட்டும் ஒரு தடவை ஆடும். உதட்டை நக்கும், சாப்பாட்டு வாசனைக்கு மூக்கைத் திருப்பும். ரத்தப் பேதி போய்க்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் தெரிந்தால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவேன். இதற்கு எதிர்ப்பக்கம்: உடம்புச் சூடு 37-க்கும் கீழே இறங்குவது, ஈறு வெளுத்து ஒட்டும் பசையாக இருப்பது, சர்க்கரை ஏற்றியும் இறங்கிக்கொண்டே இருப்பது, வலிப்பு. காய்ச்சல் அடித்தாலாவது உடம்பு சண்டை போடுகிறது என்று தேற்றிக்கொள்ளலாம். ஜில்லென்று ஆகும் குட்டியைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

ராட்வைலர் என்பதை மறைத்துப் பேச முடியாது. ராட்வைலர், டோபர்மேன், பிட்புல், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களுக்குப் பார்வோ வரும் அபாயம் அதிகம் என்று பல வருடமாகவே சொல்கிறார்கள். நானும் அவற்றைத்தான் கூண்டில் அதிகம் பார்த்தேன். ஆனால் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பாதி முற்றத்தில் அவைதானே இருக்கின்றன? அதனால் என் கண்ணை முழுசாக நம்ப வேண்டாம். எடை மிகக் குறைவான குட்டிகள் அதிகம் இறக்கின்றன என்பதை ஆஸ்டின் கணக்கும் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ராட்வைலர் பெரிய எலும்போடு பிறந்தது நல்லதுதான்.

டாக்டரிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: பிலியரியும் சேர்ந்து இருக்கிறதா? உண்ணி கடித்து வருகிற அந்த நோய் நம் பக்கம் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். ரத்தத்தில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். பார்வோவும் பிலியரியும் சேர்ந்து வந்த குட்டிக்கு ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் தேறாது. குடற்புழுவும் அப்படித்தான், வாந்தி நின்றதும் புழு மருந்து கொடுக்க வேண்டும்.

இப்போது பணம். இதைப் பேச வெட்கப்படாதீர்கள். ஒரு வாரம் கூண்டில் வைத்தால் பல ஆயிரம் ராண்ட் ஆகும், டெபாசிட் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், எங்கள் கிளினிக்கும் அப்படித்தான். இன்றைக்கே டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள்: "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இதற்குள் என்ன செய்ய முடியும்?" நாளை காலை பில்லைப் பார்த்துவிட்டுச் சொல்வதைவிட இன்று சாயங்காலம் சொல்வது நல்லது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவரால் பிரிக்க முடியும். தினமும் முழு ரத்தப் பரிசோதனை வேண்டாம், டிரிப்பும் வாந்தி மருந்தும் வேண்டும், இப்படி. தவணை கேளுங்கள். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை, எஸ்.பி.சி.ஏ.வை, இன்றே கூப்பிடுங்கள். சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பார்வோ குட்டியை உள்ளே வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

அதுவும் முடியாது என்றால் வீடு. இதற்கு ஒரு ஒழுங்கான முறை இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாற்பது குட்டிகளை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்டார்கள். இருபது முழு ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அதில் பதினெட்டு பிழைத்தன. மற்ற இருபதுக்கு வெளிநோயாளி முறை: தோலுக்கடியில் தண்ணீர், பல நாள் வேலை செய்கிற ஒரே ஒரு ஆன்ட்டிபயாட்டிக் ஊசி, நாளுக்கு ஒரு தடவை வாந்தி ஊசி. அதில் பதினாறு பிழைத்தன. பதினாறு என்பது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள். ஆனால் அதைச் சொல்லும்போது எல்லோரும் விட்டுவிடுகிற சங்கதிகள் உண்டு. அந்தக் குட்டிகளுக்கும் முதலில் நரம்பில் டிரிப் போட்டு நிலையைச் சரிசெய்த பிறகுதான் வெளிநோயாளி ஆக்கினார்கள். சர்க்கரையும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பயிற்சி உள்ள கைகள் நாளில் பல தடவை தண்ணீர் ஏற்றின. வீட்டில் கூடத்து மூலையில் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போவதற்கு அந்தப் பதினாறு பொருந்தாது.

ஃபீனிக்ஸில் ஒரு ஆயா இதைச் செய்து காட்டினார். கையில் பணமில்லை, மகன் வேலை இழந்திருந்தான். காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். டாக்டர் ஊசி போடுவார், நாங்கள் தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றுவோம். முதுகில் ஒட்டகம் மாதிரி வீங்கிக்கொண்டு போகும். ராத்திரி மூன்றாவது தடவை ஏற்ற அவருக்கே சொல்லிக்கொடுத்தோம். மின்சாரம் போகிற ராத்திரிகள், அவர் கேஸ் அடுப்பில் தண்ணீர் காயவைத்துப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, குட்டியின் இரண்டு பக்கமும் வைத்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து ஈறில் தேன் தடவினார். ஒரு நோட்டில் நேரம் போட்டு எத்தனை வாந்தி, எத்தனை பேதி என்று கோடு கிழித்து வைத்திருந்தார், டாக்டரே அதைப் பார்த்து அசந்துபோனார். ஆறாம் நாள் அது அவர் கையிலிருந்து கோழித்துண்டைப் பறித்துத் தின்றது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு ஆள் இருந்தால், டாக்டரும் இந்த முறைக்குச் சம்மதித்தால், வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் வியாழன் மட்டும் இன்னொரு நாள் டிரிப்பில் விட்டுவிட்டு வெள்ளி காலையில். அந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிது.

உங்கள் ஆயாவை நான் குறை சொல்லவில்லை. ஓமத் தண்ணி மனுஷ வயிற்றுக்கு நல்லதாக இருக்கலாம். வாந்தி எடுக்கிற குட்டி வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடலாம், இல்லாவிட்டால் திரும்ப வாந்தியாக வரும், அதோடு இன்னும் கொஞ்சம் பொட்டாசியமும் போகும். மஞ்சள், பச்சை முட்டை, பால், மோர் எதுவும் இப்போது வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், எந்த நாளிலும் கூடாது. பனடோ, அதாவது பாராசிட்டமால் மாத்திரை, கூடவே கூடாது. பேதியைக் கட்டுகிற மனுஷ மாத்திரையும் கொடுக்காதீர்கள், வெளியே போக வேண்டிய விஷத்தைக் குடலுக்குள் பூட்டிவைப்பது மாதிரி ஆகும். தரை கழுவுகிற ஜிக் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு, அதுவும் கூடவே கூடாது. "தரையில் வைரஸைக் கொல்லுதே, வயித்துல கொல்லாதா?" என்று கேட்டார்கள். ஆயாவுக்கு ஏதாவது செய்யாமல் மனசு கேட்கவில்லை என்றால் திருநீறு எடுத்து நெற்றியில் பூசட்டும். வாயில் போட வேண்டாம்.

நீங்கள் செவ்வாய் காலையிலேயே கொண்டுபோனதற்கு நான் ஏன் சந்தோஷப்படுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் சேர்வதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு குட்டி இருந்தது. அது வாந்தி எடுக்கத் தொடங்கியதும் தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றே: திருடர்கள் டூ ஸ்டெப் வைத்துவிட்டார்கள். அந்த விஷம் நம் ஊரில் எத்தனை காவல் நாய்களைத் தின்றிருக்கிறது என்பதால் நாங்களும் நம்பினோம். பாலும் எண்ணெயும் புகட்டினோம். இரண்டு நாள் போனது. விஷம் என்றால் எச்சில் ஒழுகும், உடம்பு உதறும், சில நிமிஷமோ சில மணி நேரமோதான், இரண்டு நாள் இழுக்காது என்று சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு போனபோது காரிலேயே முடிந்துவிட்டது.

ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் கேட்கப்போகிறார்கள். பணம் தீர்ந்து, எஸ்.பி.சி.ஏ.விலும் இடமில்லாமல், வீட்டில் உட்காரவும் ஆளில்லை என்றால், மெதுவாக நீர் வற்றிச் சாகவிடுவதைவிட அது நல்லது. அதில் பாவம் ஒன்றும் இல்லை. குட்டி குளிர்ந்துபோய், கூப்பிட்டால் கண்ணைத் திருப்பாமல், சிகிச்சை கொடுத்தும் இறங்கிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். ஆனால் ரத்தப் பேதியின் நாற்றத்தையும் கூண்டுத் தரையையும் பார்த்துவிட்டு மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள். பிழைத்த குட்டிகளும் அப்படித்தான் நாறும்.

வீடு திரும்பினால் முதல் சில நாள் தோலில்லாத வேகவைத்த கோழியும் குழைந்த சோறும், உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல், நாளுக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. பசியில் அது உங்களைத் தின்றுவிடும் போலப் பார்க்கும், மனசு இளகி ஒரே தட்டில் கொட்டாதீர்கள். இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் வெளியே விடாதீர்கள், அதன் மலத்தில் வைரஸ் வந்துகொண்டே இருக்கும். வீட்டுத் தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி அழுக்கை எடுங்கள். அப்புறம் ஒரு பங்கு ஜிக்குக்கு இருபது பங்கு தண்ணீர், பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டுவிட்டுத் துடையுங்கள். டெட்டால் வாசனை நமக்குத்தான் நிம்மதி தரும், இந்த வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. புல்லையும் மண்ணையும் ஜிக்கால் சுத்தம் செய்ய முடியாது. வெயில் படுகிற மாதிரி செடிகளை வெட்டிவிடுங்கள், ஊசி முழுக்க முடியாத வேறு குட்டி எதையும் ஒரு வருடத்துக்கு அந்த முற்றத்தில் விடாதீர்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற பொரிட்ஜ் பிரார்த்தனைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது குட்டி வைத்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், செருப்பை வாசலுக்கு வெளியே விடச் சொல்லுங்கள்.

பிழைத்த நாய்க்குப் பார்வோ திரும்ப வருவது மிக அரிது, அந்த எதிர்ப்புச் சக்தி பல வருடம் நிற்கும். டிஸ்டெம்பர் மாதிரி மற்ற நோய்களுக்கு ஊசி வேண்டும் என்பதால் மீதி ஊசிகளை விடாமல் போடுங்கள். வயிறு மட்டும் சில நாய்களுக்குப் பல வருடம் கழித்தும் கொஞ்சம் தொல்லை கொடுக்கும், பிரியாணி எலும்பையெல்லாம் தாங்காது. மற்றபடி வளர்ந்து நிற்கும்போது எது பார்வோ வந்த நாய் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்று சாயங்காலம் பார்க்கப் போனால் வீட்டிலிருந்து ஒரு பழைய துணி எடுத்துப் போங்கள், உங்கள் வாசனையோடு. அது திரும்பி வராது, கிளினிக்கிலேயே எறிந்துவிடுவார்கள். திரும்பி வந்ததும் செருப்பை வெளியிலேயே ஜிக் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளணு எண்ணிக்கை கேட்டு எழுதுங்கள், செவ்வாய் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று இரண்டும். சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.